ஒரே இடம், இரு காலங்கள்: பழைய ஒளிப்படத்தைக் கொண்டு கடற்கரையை அறிதல்

கடற்கரைக்குக் கேமராவோடு செல்லும் பெரும்பாலோர் சூரிய உதயத்தைப் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்தப் படங்கள் அழகானவைதான். ஆனால் அவற்றைப் பார்த்து அது எந்தக் கடற்கரை என்று சொல்வதுகூட அரிது. ஒரு கரையோரப் பகுதியின் காட்சியையும் வரலாற்றையும் சேர்த்தே அறிய விரும்புவோர், நூறு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட படம் ஒன்றைத் தேடியெடுத்து, அதே இடத்தில் நின்று இன்று மீண்டும் எடுத்துப் பார்க்கலாம். இதற்குக் கைப்பேசிக் கேமராவே போதும்.

படி 1: பழைய படத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இணையத்தில் வைத்துள்ள ஒளிப்படத் தொகுப்புகளில் தேடுங்கள்; பழைய அஞ்சலட்டைகளும் நல்ல மூலங்களே. ஆனால் அஞ்சல் முத்திரையிலுள்ள தேதி அட்டை அனுப்பப்பட்ட நாளைத்தான் காட்டும். படம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையதாக இருக்கலாம். தேர்ந்தெடுக்கும் படத்தில் அசையாத பொருள்கள் குறைந்தது இரண்டு, ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலுமாக, இருக்க வேண்டும். பாறைமுனை, கோட்டைச் சுவர், கலங்கரை விளக்கம் ஆகியவை பொருத்தமானவை.

கலங்கரை விளக்கத்தை மட்டும் சற்று ஐயத்துடன் அணுகுங்கள். அமெரிக்காவின் வட கரோலைனா கரையிலுள்ள கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம் 1870-இல் கட்டப்பட்டது. கடலரிப்பு அதன் அடிவாரத்தை நெருங்கியதால் 1999-இல் கோபுரம் முழுவதையும் ஏறத்தாழ 880 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். இத்தகைய மாற்றங்கள் படத்தின் காலத்தைக் கணிக்கவும் உதவுகின்றன. இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் 1759 முதல் நின்ற ஸ்மீட்டனின் கோபுரத்திற்குப் பதிலாக 1882-இல் புதிய கோபுரம் பயன்பாட்டுக்கு வந்தது; பழையதன் மேற்பகுதி பிளைமவுத் நகருக்குக் கொண்டுசெல்லப்பட, அடிப்பகுதி மட்டும் பாறையிலேயே எஞ்சியது. முழுக் கோபுரத்தின் அருகே வெறும் அடிப்பகுதி தெரியும் படம் எந்தக் காலத்திற்குப் பிந்தியது என்பதை வேறு சான்றின்றியே சொல்லிவிடலாம்.

படி 2: படம் சொல்லும் பொய்களை அறிதல்

தொடக்கக்கால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியால் எளிதில் பாதிக்கப்பட்டன. சிவப்பை அநேகமாக உணரவே இல்லை. ஆகவே கடல் சரியாகப் பதியும் அளவுக்குத் தகட்டில் ஒளி விழவிட்டால் வானம் வெளிறிப்போகும். 1850-களில் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்திற்கு வேறொரு நெகட்டிவ் என இரண்டை இணைத்துத் தம் கடற்காட்சிகள் சிலவற்றை அச்சிட்டார். எனவே அக்காலப் படத்தில் திரண்டு நிற்கும் மேகங்களைக் கண்டு அன்றைய வானிலையைக் கணித்துவிடாதீர்கள். தகட்டில் நெடுநேரம் ஒளி விழவிட்டு எடுத்த படங்களில் அலைகள் பனிமூட்டம்போலத் தெரியும். நடமாடிய மனிதர்கள் மறைந்தே போயிருப்பார்கள். வெறிச்சோடிய கரை எனத் தோன்றுவது உண்மையில் பரபரப்பான துறைமுகமாக இருந்திருக்கக்கூடும்.

படி 3: படம் எடுத்தவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தல்

முழு வேலையிலும் பொறுமையைக் கேட்பதும் இன்பம் தருவதும் இந்தப் படிதான். முதலில் உயரத்தைக் கணியுங்கள். கடலில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே தெரியும். ஆகவே பழைய படத்தில் தொடுவானக் கோடு அருகிலுள்ள கட்டடத்தின் முதல் மாடிச் சன்னலை வெட்டிச் சென்றால், கேமராவும் அந்தச் சன்னலின் உயரத்தில் இருந்திருக்கிறது என்று பொருள். அதாவது, எடுத்தவர் மணலில் நிற்கவில்லை, ஒரு மேட்டிலோ மாடியிலோ நின்றிருக்கிறார்.

அடுத்து இடவலத்தைச் சரிசெய்யுங்கள். அருகிலுள்ள பொருளுக்கும் தொலைவிலுள்ள பொருளுக்கும் இடையே படத்தில் தெரியும் இடைவெளியைக் களத்தில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். அருகிலுள்ள பொருள் பழைய படத்தில் உள்ளதைவிட இடப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்களும் இடப்பக்கம் நகர வேண்டும். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். பின்னர் அவ்விரு பொருள்களின் உயர விகிதம் பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். இங்கே ஜூம் உதவாது. அது படத்தை வெட்டிப் பெரிதாக்குமே தவிர, பொருள்களுக்கிடையேயான விகிதத்தை மாற்றாது.

படி 4: ஓதத்தை (கடல்நீர் ஏறி இறங்குவதை) கணக்கில் கொள்ளுதல்

என் முதல் முயற்சியில், பழைய படத்தில் அகன்று கிடந்த மணற்பரப்பைக் கண்டு, கடல் பெருமளவு நிலத்தை விழுங்கிவிட்டது என்று முடிவுகட்டினேன். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அந்த மணற்பரப்பு அங்கேயே கிடந்தது. கரை 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் இறங்குமானால், நீர்மட்டம் 2 மீட்டர் ஏறும்போது நீரின் விளிம்பு 100 மீட்டர் உள்ளே வந்துவிடும். பல கடற்கரைகளில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அதன் நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். ஆகவே நீர்விளிம்பை விட்டுவிட்டு, செடிகொடிகள் தொடங்கும் கோட்டையும் பாறையில் படிந்த கறைக்கோட்டையும் ஒப்பிடுங்கள்.

படி 5: படமெடுத்தல்

பழைய படத்தின் நிழல்கள் விழும் திசையைப் பார்த்து, ஏறத்தாழ அதே நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடுவானத்தை மட்டமாக வையுங்கள். மணலில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள்.

படி 6: மாற்றங்களுக்குக் காரணம் தேடுதல்

இரு படங்களையும் அருகருகே வைத்ததும் கண்ணில் படுவது புதிய கட்டடங்கள்தான். அவற்றைக் கடந்து மணலைப் பாருங்கள். அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்குவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் குறுக்கே தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்) துறைமுகச் சுவரோ எழுந்தால், மணல் வரும் பக்கத்தில் கரை அகலும், மறுபக்கத்தில் அரிக்கும். ஒரு படத்தின் இடப்பக்கம் கரை வளர்ந்தும் வலப்பக்கம் குறைந்தும் இருந்தால், நடுவில் எந்த ஆண்டில் என்ன கட்டப்பட்டது என்று தேடுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் கிடைப்பதால், அதற்குப் பின் நிகழ்ந்த பெரிய மாற்றங்களின் காலத்தை இன்னும் நெருக்கமாகக் குறிக்கலாம்.

நின்ற இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, தேதி, நேரம், ஓத நிலை, கேமராவின் உயரம் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். பருவத்திற்கேற்ப மணல் வருவதும் போவதும் இயல்பாதலால், ஆறு மாதம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு படம் எடுத்த பிறகே கரை குறைந்துவிட்டது என்று எழுதுங்கள்.