பள்ளி மாறிய பிள்ளை அணியில் ஆட முடியுமா? அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறையில் வீடு மாறும் குடும்பங்கள் இரண்டு உரிமைகளை ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றன. புதிய பள்ளியில் பிள்ளைக்கு இடம் கிடைப்பது ஒன்று. அந்தப் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் ஆடத் தகுதி கிடைப்பது வேறொன்று. வாடகை ஒப்பந்தத்தையும் மின்கட்டண ரசீதையும் காட்டினால் முதலாவது பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். இரண்டாவது, மாநில விளையாட்டுச் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் பொறுத்தது. பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களே, பிறகு ஆடவிடாமல் இருப்பார்களா என்ற நம்பிக்கையில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பரிடம் விதியைக் கேட்டு முடிவெடுப்பது அடுத்த தவறு. இண்டியானாபொலிஸில் இயங்கும், மாநிலச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஆட்டங்களின் விதிகளை எழுதுகிறதே தவிர, யார் ஆடலாம் என்பதை ஒவ்வொரு மாநிலச் சங்கமும் தனித்தனியாகவே வகுத்துக்கொள்கிறது. ஃப்ளோரிடாவில் 2016இல் இயற்றிய சட்டத்தின்படி, பள்ளி மாறிய மாணவர் உடனே ஆடலாம். ஆனால் ஒரே ஆண்டில் ஒரே விளையாட்டை இரண்டு பள்ளிகளுக்காக ஆட, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அனுமதி இல்லை. ஒஹாயோவில் விதிவிலக்கு எதிலும் வராத மாணவர் பருவத்தின் முதல் பாதியில் ஆடலாம், பிற்பாதியிலும் அதைத் தொடர்ந்து வரும் மாநிலப் போட்டித் தொடரிலும் ஆட முடியாது. கலிஃபோர்னியாவில் இது தலைகீழ்: வீடு மாறாமல் பள்ளியை மட்டும் மாற்றியவர், முந்தைய 12 மாதங்களில் ஆடிய விளையாட்டில் பருவத்தின் முற்பகுதியை வெளியே உட்கார்ந்து கழித்த பின்பே களம் இறங்கலாம்; அந்தச் சலுகையும் உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் ஒரே ஒரு முறைதான். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கும் நண்பர் நல்லெண்ணத்துடன் சொல்லும் யோசனை டெக்சாஸின் டாலஸில் ஓராண்டைத் தின்றுவிடக்கூடும்.

டெக்சாஸின் விதிகளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் 'வசிப்பிடம்' என்ற சொல்லுக்கு அங்கே மிகத் துல்லியமான பொருள் இருக்கிறது. 1910இல் தொடங்கி இன்றும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சார்ந்து இயங்கும் மாநிலச் சங்கமான யூஐஎல், வார்சிட்டியில் ஆடும் மாணவர் பெற்றோருடன் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வசிக்க வேண்டும் என்கிறது. குடும்பம் உண்மையிலேயே குடிபெயர்ந்ததா என்று அறிய அது கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பவை. கட்டிலும் சோபாவும் புதிய வீட்டில் இருக்கின்றனவா? பழைய வீட்டில் குடும்பத்தின் சாமான் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா? தபால் அலுவலகத்தில் முகவரி மாற்றம் கொடுத்தாயிற்றா? ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உரிமத்தில் முகவரியை மாற்றினார்களா? மாணவருடன் வாழும் குடும்பத்தினர் அனைவரும் புதிய வீட்டில்தான் தங்குகிறார்களா? பழைய வீடு விற்கும் வரை அங்கேயும் ஒரு படுக்கையறையை அப்படியே விட்டுவைப்பது நம்மில் பலருக்கு இயல்பான சிக்கனம். தகுதியை முடிவு செய்யும் குழுவுக்கோ அது குடும்பம் இன்னும் முழுமையாக மாறவில்லை என்பதற்கான சான்று.

அப்பா வேலையின் பொருட்டுப் பழைய ஊரிலேயே இருக்க, அம்மாவும் பிள்ளையும் மட்டும் நல்ல பள்ளி இருக்கும் இடத்துக்குப் போகும் ஏற்பாடும் இங்கேதான் சிக்குகிறது. பெற்றோர் விவாகரத்து பெற்றவர்களாக இருந்தால் டெக்சாஸில் இருவரில் எவருடைய வீடும் பிள்ளையின் வசிப்பிடமாகக் கருதப்படும். விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளை அதுவரை படித்துவந்த பள்ளியின் எல்லையிலேயே தங்கிவிட்ட பெற்றோரின் வீட்டைத்தான் வசிப்பிடம் என்று அனுமானிப்பார்கள். அன்பாகவே வாழும் தம்பதியர் வேலைக்காக இரண்டு ஊரில் இருப்பதை விதிப்புத்தகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதை வீடு பார்க்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்பது நம் குடும்பங்களில் இன்னும் எளிதாக வரும் யோசனை. அதுவும் போதாது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போது வேறொருவரைச் சட்டப்படி பாதுகாவலராக நியமித்தாலும், அந்த நியமனம் பதிவாகி ஓராண்டு கடந்திருக்க வேண்டும், பிள்ளை அவருடன் தொடர்ந்து ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்பது டெக்சாஸின் நிலை. ஆகஸ்டில் ஆடுவதற்காக ஜூலையில் வாங்கும் நீதிமன்ற ஆணை செலவுக்குத்தான் கணக்கு. அதேபோல, ஆறு மாத ஒப்பந்தத்தில் ஓர் அபார்ட்மெண்ட் எடுத்து, பருவம் முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பலாம் என்று திட்டமிடுவதும் பலிக்காது. பிள்ளை புதிய பள்ளியில் ஓராண்டு முடிக்கும் முன்பே பெற்றோர் அந்த எல்லையை விட்டுப் போனால், அங்கே பெற்ற தகுதியும் கூடவே போய்விடும்.

இனி அந்தப் படிவம். முந்தைய பள்ளியில் விளையாட்டில் பங்கேற்று, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் பள்ளி மாறிய மாணவருக்காக டெக்சாஸில் 'பிஏபிஎஃப்' (முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம்) என்றொரு படிவம் நிரப்பப்படுகிறது. பெற்றோர் பழைய முகவரி, புதிய முகவரி, மாறியதற்கான காரணம் ஆகியவற்றை எழுதுகிறார்கள். பலர் கவனிக்கத் தவறுவது இதன் மற்றொரு பகுதியை: அது விட்டுவந்த பள்ளியின் பயிற்சியாளரிடமும் நிர்வாகத்திடமும் போகிறது. மாணவருக்கோ பெற்றோருக்கோ அங்கே பயிற்சியாளருடன் மனத்தாங்கல் இருந்ததா, விளையாட்டுக்காகவே பள்ளி மாறுவதாகக் கருதுகிறீர்களா என்று அவர்களிடம் கேட்கப்படுகிறது. மகனுக்கு ஆட்ட நேரம் தரவில்லை என்று மே மாதத்தில் காரசாரமாக அனுப்பிய மின்னஞ்சல் ஆகஸ்டில் எங்கே தலைகாட்டும் என்று அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது. விளையாட்டு நோக்கத்துக்காகவே மாறினார் என்று, தகுதியை முடிவு செய்யும் மாவட்டச் செயற்குழு (இங்கே மாவட்டம் என்பது யூஐஎல் போட்டிக்காகப் பள்ளிகளைப் பிரித்த குழு) முடிவு செய்தால், வீடு முறைப்படி மாறியிருந்தாலும்கூட, குறைந்தது ஓராண்டு வார்சிட்டியில் ஆட முடியாது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் அதே மாவட்டத்தில் உங்கள் பள்ளியுடன் மோதும் பள்ளிகளின் பிரதிநிதிகள் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த அமைப்பு எனக்கு அவ்வளவு நேர்த்தியாகப் படவில்லை. ஆனால் நடைமுறை அதுதான்.

பள்ளிக்கு வெளியே இயங்கும் விளையாட்டுக் கிளப்பின் பயிற்சியாளரைத் தொடர்ந்து போவது இதன் நீட்சி. பிள்ளைக்குக் கிளப்பில் பயிற்சி தந்தவர் ஒரு பள்ளியிலும் பயிற்சியாளராக இருந்து, பிள்ளை அந்தப் பள்ளிக்கே மாறினால், டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் அது உடனடியாகச் சந்தேகத்தைக் கிளப்பும். கலிஃபோர்னியாவில் சேர்க்கைக்கு முன்பு பள்ளியின் விளையாட்டுத் தரப்புடன் இருந்த தொடர்புகளை வெளிப்படுத்தவே வேண்டும். மறைப்பது, தொடர்பு இருந்ததைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

பொய் முகவரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது தவறு என்பது செய்பவர்களுக்கே தெரியும். கலிஃபோர்னிய விளையாட்டுச் சங்கத்தின் 202ஆம் விதியின்படி, தவறான தகவலோ போலி ஆவணமோ கொடுத்தால் 24 மாதங்கள் வரை தகுதி பறிபோகலாம். நான்காண்டு உயர்நிலைப் பள்ளி வாழ்வில் அது பாதி. டெக்சாஸில் சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது சட்டப்படி குற்றம், பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பான பள்ளி மாவட்டத்துக்குக் கல்விக் கட்டணம் செலுத்தும் பொறுப்பும் வந்து சேரும். இந்தச் சுமை ஒரு பிள்ளையுடன் நிற்பதில்லை. தகுதியில்லாத மாணவர் ஆடிய ஆட்டங்களில் அணி வென்றிருந்தாலும், அவை தோற்றவையாக மாற்றி எழுதப்படும். விடிகாலையில் எழுந்து பயிற்சிக்கு வந்த மற்ற பிள்ளைகளுக்கும் அதே கதிதான்.

இந்தியாவிலிருந்து நேரே வரும் மாணவர்கள் விஷயத்தில் விசா வகையும் நுழைகிறது. எஃப்-1 விசாவில் வருபவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தம் 12 மாதங்களுக்கு மேல் படிக்க முடியாது, அதற்கான முழுச் செலவையும் கட்ட வேண்டும். ஆகவே அரசுப் பள்ளி அணியில் நான்காண்டு ஆடும் கனவுக்கு அந்த விசா உதவாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் அதைப் பள்ளியிடம் சொல்லத் தயங்கக் கூடாது.

ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே புதிய பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெட்டிக் டைரக்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, குடும்ப நிலையை உள்ளபடி எழுதி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். அணியின் பயிற்சியாளர் மைதானத்தில் வாய்மொழியாகத் தரும் உறுதி, தகுதியைத் தீர்மானிக்கும் குழுவின் முன் எடுபடாது. முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அதைத் தவறவிட்டவர்களும் உண்டு. தகுதி இல்லை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளையை அணியிலிருந்தே விலக்கிவிடும் பெற்றோரையும் பார்க்க முடிகிறது. டெக்சாஸில் அந்தத் தடை வார்சிட்டி ஆட்டங்களுக்குத்தான், இரண்டாம் நிலை அணியான ஜூனியர் வார்சிட்டியில் அதே ஆண்டிலேயே ஆடலாம்.