ஹாலுக்கு நடுவே திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைச்சீலை தைத்து மாட்டுவது என் தொழில். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாலோ, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கினாலோ, ஒரே படுக்கையறை உள்ள வீட்டுக்காரர்கள் ஹாலைத் திரை போட்டுப் பிரிக்கப் பார்க்கிறார்கள். டிரில் வாடகைக்குக் கிடைப்பதால் தாங்களே மாட்டவும் செய்கிறார்கள். பாதியில் நின்றுபோய் என்னைக் கூப்பிடும் வீடுகளில், தொழில் பழகிய நாளில் நாங்கள் செய்த அதே கோளாறுகளைத்தான் பார்க்கிறேன். கம்பி கோணலாக இருப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை மாட்டிய அன்றே கண்ணில் படும்.

ஃபேனைப் பார்க்காமல் கோடு போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சரிபாதி வேண்டும் என்று சுவரை அளந்து கோடு போடுகிறார்கள். ஹாலின் நடுவில் ஃபேன் தொங்குகிறது. கோடு நேராக அதன் அடியில் போகிறது.

சொன்னால், "அரை அடி தள்ளிக்கொள்ளலாம்" என்பார்கள். வழக்கமான 1200 மி.மீ. ஃபேனில் நடுவிலிருந்து இறக்கை நுனி வரை 2 அடி. துணி காற்றில் உப்பும் என்பதால் நடுவிலிருந்து 3 அடியாவது தள்ள வேண்டும். கம்பியை ஃபேனுக்குக் கீழே 7 அடி உயரத்துக்கு இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. மேலே திறந்த இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் அந்தப் பக்கம் கொட்டும். கீழே துணி இரவெல்லாம் படபடக்கும்.

இவ்வளவும் தொந்தரவுதான். பணம் போவது, ஃபேனுக்குப் பக்கத்தில் மேல்தளத்தைத் துளைக்கும்போது. ஃபேனுக்கான வயர், காங்கிரீட் கொட்டும்போதே புதைத்த பிவிசி குழாய் வழியாக வருகிறது. அது நேர்கோட்டில் வரும் என்று நம்ப முடியாது. மேற்கு மாம்பலத்தில் ஒரு வாடகை வீட்டில் மூன்றாவது துளையில் திருகை முறுக்கியதும் 'டப்' என்றது, வீடே இருண்டுவிட்டது. திருகு குழாய்க்குள் இறங்கி வயரைக் கடித்திருந்தது. எலக்ட்ரீஷியன் எவ்வளவு இழுத்தும் பழைய வயர் வரவில்லை. கடைசியில் தளத்தின் அடியில் வெள்ளைக் கேசிங் பட்டி ஒட்டி, ஃபேனுக்குப் புது வயர் கொண்டுபோனார். திரைக்கு ஆனதைவிட அதற்குக் கூடுதல் செலவு. அந்தப் பட்டி அசிங்கமாக இருக்கிறதென்று, காலி செய்யும்போது வீட்டு உரிமையாளர் முன்பணத்திலும் பிடித்துக்கொண்டார்.

எனவே முதலில் ஃபேனிலிருந்து அளவெடுங்கள். பாதி பாதி வராது. ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்றே வரும். வரட்டும். கம்பியைக் கூடியவரை இரு பக்கச் சுவர்களில் மாட்டுங்கள். தளத்தில் துளைத்தே ஆக வேண்டுமென்றால், குழாய் போகும் வழியை எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லிவிட்டுத் துளையுங்கள். ஃபேன் இல்லாத பக்கத்துக்குச் சுவர் ஃபேன் வேண்டும். அதற்குப் பிளக் எங்கே இருக்கிறது என்பதையும் கோடு போடும் முன்பே பார்த்துவிடுங்கள். மே மாதத்தில் காற்று வராத பக்கத்தில் யாரும் படுக்கமாட்டார்கள்.

அறை அகலத்துக்கே துணி வாங்குவது

10 அடி அகலத்துக்கு 10 அடி துணி போட்டால் மடிப்பே விழாது. காயப்போட்ட வேட்டி மாதிரி நிற்கும், ஓரங்களில் இடைவெளியும் தெரியும். அகலத்தைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். 10 அடி அகலத்துக்கு 15 அடி, அதாவது 180 அங்குலம். 48 அங்குலத் துணியில் 4 பட்டை. 9 அடி உயரத் திரைக்கு மேல், கீழ் மடிப்பையும் சேர்த்துப் பட்டைக்கு 10 அடி. மொத்தம் 12 மீட்டருக்குச் சற்று மேல். பெரும்பாலோர் 9 மீட்டரோடு வருகிறார்கள். பருத்தி என்றால் நனைத்து உலர்த்திய பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி, திரை தரையை விட்டு மேலே ஏறிவிடும்.

நடுவில் தாங்கல் இல்லாத கம்பி

10 அடிக் கம்பி தொய்யும். நடுவில் பிராக்கெட் போட்டால் வளையங்கள் அதைத் தாண்டாது. ஆகவே இரண்டு திரையாகத் தைத்து, இரு பக்கமும் ஒதுக்கும்படி வையுங்கள்.

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் திருகுவது

வெறும் பலகை தாங்காது. பிய்ந்துகொண்டு வரும்.

பூஜை விளக்கருகே பாலியெஸ்டர்

வேண்டவே வேண்டாம்.

சத்தம் நின்றுவிடும் என்று நினைப்பது

நிற்காது. படிக்கும் மேசையைத் திரைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, இந்தப் பக்கம் சீரியல் ஓடவிட்டு, துணி கனம் போதவில்லை என்று என்னிடம் குறைப்படுகிறார்கள். டிவியை நிறுத்துங்கள்.