பற்றரிப் புல்வெட்டி: மே மாதத்துப் புல்லை நினைத்து வாங்குங்கள்

ரொறன்ரோப் பக்கம் வீட்டு வளவுக்குப் பற்றரிப் புல்வெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பெட்டியில் இருக்கும் எண்களைப் பார்ப்பதற்கு முன்னால், மே மாதக் கடைசியில் உங்கள் புல் எப்படி நின்றது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கிழமை மழை, பிறகு இரண்டு நாள் வெயில். புல் கணுக்காலுக்கு மேலே வந்து, அடியில் ஈரம் காயாமல் தடித்து நிற்கும். மெஷினுக்குச் சோதனை அன்றைக்குத்தான். ஓகஸ்ட் வெயிலில் காய்ந்து கிடக்கும் புல்லை எந்த மெஷினும் வெட்டிவிடும்.

என் முதல் மெஷினை வாங்கியபோது பெட்டியில் "45 நிமிடம் வரை" என்று போட்டிருந்தது. அந்த "வரை"யை நான் கவனிக்கவில்லை. மே மாதக் கடைசியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு மாமாவும் மாமியும் வந்து நின்றார்கள். நான் புல்வெட்ட இறங்கியதும் மாமாவும் பின்னாலேயே வந்தார். "தம்பி, ஒட்ட வெட்டிவிடும். பிறகு ரெண்டு கிழமைக்குப் பார்க்கத் தேவையில்லை" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உயர நெம்புகோலைக் கீழிருந்து இரண்டாவது பல்லில் வைத்தேன். முன்வளவு ஒருமாதிரி முடிந்தது. பின்வளவில் பாதி போவதற்குள் மோட்டரின் சத்தம் மாறிவிட்டது. அடியில் ஈரப்புல் அப்பிக்கொண்டு மெஷின் நிற்கும். பற்றரியைக் கழற்றி, குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவேன். மூன்றாவது தடவை நின்றபோது சிவப்பு விளக்குத்தான் மினுங்கியது. வேலியோரம் இரண்டு பட்டை மிச்சம். சார்ஜரில் போட்டால் அது ஏற்றவே தொடங்கவில்லை. பற்றரி கொதித்துப் போயிருந்தது. அது ஆறும்வரை சார்ஜர் காத்திருக்கும். அன்று மிச்சம் விட்டதை அடுத்த நாள்தான் வெட்டினேன்.

அதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருந்தன. முதலாவது, ஒட்ட வெட்டியது. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் எடுத்தால் வெளிறிய அடித்தண்டுதான் மிஞ்சும். இலை இல்லாமல் புல் தன்னைத் தேற்றிக்கொள்ள நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் வெயில் மண்ணில் விழும், களை முளைக்கும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22இல் இருந்து புல்தரையை அழகுபடுத்தக் களைநாசினி அடிக்கத் தடை இருக்கிறது. அதனால் களைக்கு எதிராக நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம், 6 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் அடர்ந்து நிற்கும் புல்லின் நிழல்தான். ஆகவே மெஷின் பார்க்கும்போது அது எவ்வளவு தாழ வெட்டும் என்று கேட்காதீர்கள். எவ்வளவு உயர்த்தி வெட்டும் என்று கேளுங்கள். சில சிறிய மெஷின்கள் 7 சென்ரிமீற்றருக்கு மேல் போகாது. புல்லை 8 சென்ரிமீற்றரில் விட அவை சரிவராது.

இரண்டாவது பிழை, பற்றரியின் கொள்ளளவைக் கணக்குப் பார்க்காதது. கடையில் எல்லோர் கண்ணும் வோல்ட் எண்ணில்தான் நிற்கிறது. 80 என்றால் 40ஐ விட இரண்டு மடங்கு என்று நினைக்கிறோம். வோல்ட்டை, பற்றரியில் பக்கத்திலேயே போட்டிருக்கும் ஆம்பியர்-மணி (Ah) எண்ணால் பெருக்கினால் வரும் வாட்-மணிதான் ஏறக்குறையப் பற்றரிக்குள் இருக்கும் சக்தி. 80 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 160. 40 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்றால் 240. சின்ன எண் போட்டதுதான் கூடுதல் நேரம் ஓடும். என்னுடையது 40 வோல்ட், 4 ஆம்பியர்-மணி, 160 வாட்-மணி. வோல்ட் எண்ணிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு லித்தியம் செல்லின் வழக்கமான அழுத்தம் 3.6 வோல்ட், முழுக்க ஏற்றினால் 4ஐத் தாண்டும். அப்படிப் பத்துச் செல்லை வரிசையாகக் கோத்தால் 36 என்றும் சொல்லலாம், உச்சம் 40 என்றும் சொல்லலாம். ஐரோப்பாவில் 36 என்று விற்கும் அதே வகைப் பற்றரிதான் இங்கே 40 என்று விற்கிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? 30 அடி அகலம், 110 அடி நீளமுள்ள காணி என்று வைப்போம். மொத்தம் 3,300 சதுர அடி. வீடு, கராஜ், கார் நிற்கும் இடம், பின்னால் இருக்கும் மரத்தளம் எல்லாம் கழித்தால் புல் 1,500 சதுர அடி, அதாவது 140 சதுர மீற்றர் அளவுதான். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது எல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலை. மே மாதத்துப் புல்லில் மோட்டர் 1,000 வாட் இழுக்கும் என்று வைத்தாலும் 250 வாட்-மணி போதும். 56 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்றில் 280 இருக்கிறது. மூலை வீடு, பெரிய வளவு என்றால் இதையே இரண்டு மடங்காக்குங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் போகிறவர்கள், என்னைப் போலக் குறைத்து வாங்குகிறார்கள், அல்லது மூன்று மடங்கு காசு கொடுத்து மலையை வாங்கி வருகிறார்கள்.

அந்த மலைக்குப் பாரம் இருக்கிறது. தானாக நகரும், 21 அங்குலம் வெட்டும் மெஷின்களில் சில 35 கிலோவுக்குக் கிட்ட வரும். கடையின் வழுவழுப்பான தரையில் தள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து ஒழுங்கையால், வேலிக் கதவைத் திறந்து, மூன்று படி ஏற்றித்தான் பின்வளவுக்குப் போகவேண்டும். அதைத் தூக்கப் போவது யார் என்று யோசியுங்கள். வேலிக் கதவின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். சின்ன வளவுக்கு 16, 17 அங்குலத் தள்ளு மெஷின் தாராளம். சரிவான வளவென்றால் தானாக நகர்வது வேண்டும். அதிலும் பின்சக்கரம் இழுப்பதைப் பாருங்கள். பின்னால் புல் சேரும் பை நிரம்பி முன்பக்கம் எழும்பினால் முன்சக்கர இழுவை பிடிக்காது.

பை என்றதும் ஞாபகம் வருகிறது. ரொறன்ரோ மாநகரசபை வெட்டிய புல்லைத் தோட்டக் கழிவோடு எடுப்பதில்லை. பெரிய பையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள், நிரப்பிய புல்லை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வேலியோரம் குவித்துவிட்டு நாற்றத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். புல்லைப் பொடியாக நறுக்கி அங்கேயே விழவிடும் மெஷின்தான் நமக்கு உதவும். அது மண்ணுக்கு நைட்ரஜனையும் திருப்பிக் கொடுக்கும். மே மாதத்தில் புல் மிஞ்சிப் போனால், பக்கவாட்டில் எறியும் வழியும் இருந்தால் நல்லது.

அப்புறம் பற்றரிக் குடும்பம். புல்வெட்டியோடு கதை முடியாது. ஓரம் வெட்டுவது, இலை ஊதுவது, பனிக்காலம் வந்தால் ஸ்னோ தள்ளுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரே பற்றரியை எல்லாவற்றிலும் போட்டால்தான் காசு மிச்சம். ஆனால் ஒரே நிறுவனம், ஒரே நிறம் என்று நம்பாதீர்கள். கிரீன்வொர்க்ஸின் 40, 60, 80 வோல்ட் பற்றரிகள் ஒன்றில் இருந்து மற்றதற்குப் பொருந்தாது. ரியோபியின் 18 வோல்ட் பற்றரி அவர்களுடைய 40 வோல்ட் மெஷினில் ஏறாது. எந்த வோல்ட் என்று முதல் நாளே முடிவெடுங்கள். மலிவு விலையில் தெரியும் பெட்டியில் "மெஷின் மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பற்றரிக்கும் சார்ஜருக்கும் தனிக் காசு, அது சின்னக் காசில்லை. உத்தரவாதத்தையும் பிரித்துக் கேளுங்கள்: மெஷினுக்கு 5 வருடம் என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பற்றரிக்கு 3 வருடம் கொடுப்பது வழக்கம்.

பற்றரியைப் பனிக்காலத்தில் கராஜில் விடவேண்டாம். பாதி அளவு ஏற்றி நிலக்கீழ் அறையில், ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். மார்ச் மாதத்தில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது அவசரப்பட்டு ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது.

வாங்கும் நாளிலேயே, பாவித்த மெஷினை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்று கடையில் கேளுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் மலிவாக வாங்கி, முதல் கனத்த புல் வருவதற்குள் தவணை முடிந்துபோனால் பிரயோசனமில்லை. மே மாதத்தில் இரண்டு தடவை வெட்டிப் பார்க்கும்வரை பெட்டியையும் ரசீதையும் எறியாமல் வையுங்கள்.