கல்நார்த் தூசியில் வேலை பார்த்தவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

ஆடிக் காற்று வருவதற்குள் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) கூரை ஷீட்டை மாற்றிவிட வேண்டும் என்று மதுரைச் செல்லூர்த் தறிக்கூடம் முதல் திருமங்கலத்து மாட்டுக்கொட்டகை வரை எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் ஷீட்டை நனைக்காமல் கட்டிங் மெஷினால் அறுக்கிறார்கள். ஷீட் உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தாலோ துளையிட்டாலோ அதிலுள்ள கல்நார், கண்ணுக்குத் தெரியாத இழைகளாகக் காற்றில் ஏறிவிடும். தண்ணீர் தெளித்து, ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்குங்கள். உடைசலைத் தெருப் பள்ளத்தில் கொட்டாதீர்கள். வண்டி ஏறி ஏறி அதுவும் தூசியாகும்.

முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்ற நம்பிக்கையை நம் ஆட்கள் விடுவதே இல்லை. துண்டின் நெசவுக்குள் இந்த இழை தாராளமாக நுழையும். மருந்துக்கடையில் விற்கும் நீலநிற மாஸ்க்கும் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும், மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். அதை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் அதே லுங்கியோடு வீட்டுக்குப் போய் வாசற்படியில் உதறுவது இன்னொரு தவறு. கணவனின் வேலைத் துணியைத் துவைத்ததால் மட்டுமே மனைவிக்கு மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வந்த கதை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது மருத்துவரிடம் நடக்கும் தவறு. கல்நார் இழை நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பாக்கி விறைக்கச் செய்ய 10 முதல் 40 ஆண்டுகள் வரை ஆகலாம். மூச்சு வாங்கத் தொடங்கும்போது அந்த மனிதர் ஷீட் வேலையை விட்டு, ஏதோ ஒரு கடையில் வாட்ச்மேனாக இருப்பார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றால் "வாட்ச்மேன்" என்பார். விடாத வறட்டு இருமல், மெலிந்த உடம்பு. காசநோயாக இருக்குமோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். சளிப் பரிசோதனை அவசியம்தான். ஆனால் கிருமி இல்லை என்று வந்த பிறகும் காசநோய் மாத்திரையே தொடர்ந்தால் காலம் வீணாகும். ராஜாஜி மருத்துவமனைக்கோ தோப்பூர் நெஞ்சக மருத்துவமனைக்கோ போகும்போது, இளவயதில் பார்த்த வேலையையும் எத்தனை ஆண்டு பார்த்தீர்கள் என்பதையும் கேட்காமலே சொல்லுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். மூச்சுத் திறன் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள்.

தழும்பை அகற்ற மருந்து இல்லை. அதனால் "இனி என்ன, பீடியை விட்டு ஆகப்போவது என்ன" என்பவர்கள் உண்டு. மிகத் தவறான கணக்கு. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பன்மடங்காகிறது. புகையை விட்டால் அது குறைகிறது.

பழைய சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை, தொழிற்சாலை அடையாள அட்டை எதையும் எடைக்குப் போடாதீர்கள். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டிருக்கிறது. கல்நாரால் வரும் நுரையீரல் நோய், இழப்பீடு கோரத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. கல்நார் வேலை பார்த்ததற்குச் சான்று அந்தச் சீட்டுகள்தான்.