ட்ரோன் பாடியில் கிராக்: எதை ஒட்டலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்

கோவையில் முகூர்த்த மாதம் பிறந்தால் என் சர்வீஸ் மேஜையில் கேமராவைவிட ட்ரோன்தான் அதிகம் கிடக்கும். தென்னை மட்டையில் இடித்தது, மண்டபத்துச் சீரியல் லைட் ஒயரில் சிக்கியது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கொண்டுவருகிற தம்பிகள் கேட்பது மட்டும் ஒன்றுதான்: "சின்ன கிராக்குதானுங்கண்ணா. ஃபெவிக்விக் வச்சு ஒட்டிக் குடுத்துருங்க, காலைல அஞ்சு மணிக்கு முகூர்த்தம்."

கிராக் சின்னதா பெரிசா என்று நான் பார்ப்பதில்லை, எந்த இடத்தில் என்றுதான் பார்ப்பேன். மேல் மூடியின் நடுவில் இரண்டு அங்குலம் கீறியிருந்தாலும் ஒட்டிப் பறக்கலாம். மோட்டாருக்கு அடியில் அரை சென்டிமீட்டருக்கு முடி போல ஒரு கோடு இருந்தால் பாடியை மாற்றாமல் கையில் தர மாட்டேன்.

காரணம் எளிது. 2015-ல் வந்த டி.ஜே.ஐ. கம்பெனியின் ஃபேன்டம் 3 ப்ரொஃபெஷனல் ட்ரோனையே எடுத்துக்கொள்வோம். கல்யாண வீடியோக்காரர்களிடம் இன்னும் ஓடுகிற வண்டி அது. அந்த வெள்ளை ஓட்டுக்குள் (பாடிக்குள்) தனியாகச் சட்டம், அதாவது ஃப்ரேம், எதுவும் கிடையாது. ஓடுதான் சட்டம். மோட்டார் நேராகப் பிளாஸ்டிக்கில்தான் திருகப்பட்டிருக்கிறது. மொத்த எடை 1280 கிராம். அசையாமல் மிதக்கும்போதே மோட்டாரைத் தாங்கும் நான்கு கைகளில் ஒவ்வொன்றும் 320 கிராமைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஏறும்போதும் சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் அது இன்னும் கூடும். மோட்டாரின் அடிப்பகுதி விரிந்தால் கை துளி அசையும். அந்த அசைவு அதிர்வாகி வண்டியின் சாய்வையும் அசைவையும் அளக்க நடுவில் இருக்கும் ஐ.எம்.யு. சென்சாருக்குப் போகும். முதலில் வீடியோவில் படம் அலைபாயும், பிறகு வண்டி நின்ற இடத்தில் நிற்காமல் நகரும். கடைசியில் ஒருநாள் கை முறியும். நான்கு மோட்டார் வண்டியில் ஒன்று போனால் மீதி மூன்று காப்பாற்றாது, நேராகக் கீழேதான்.

வாங்குகிற கதையும் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை முழுசாக இறக்குமதி செய்ய நம் நாட்டில் தடை. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் கையில் இருக்கும் வண்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதுதான் லாபம்.

கிராக்கைத் தேடுவது

பேட்டரியைக் கழற்றி வையுங்கள். விழுந்த வண்டியின் பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தாலும் அதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். ப்ரொப்பல்லர்களையும் கழற்றுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஓடு முழுவதும் துடைத்து, டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

வெள்ளை ஓட்டுக்கு ஒரு வழி உண்டு. சந்தேகமான இடத்தில் பேனா மையை ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். மேலே இருக்கும் மை போய்விடும், பிளவுக்குள் இறங்கியது போகாது. கண்ணுக்கே தெரியாத கோடு நீலமாக எழுந்து நிற்கும். கையின் அடியில் இருக்கும் எல்.இ.டி. மூடியைக் கழற்றி, மோட்டார் திருகுகள் இறங்கும் துளைகளைச் சுற்றியும் இதைச் செய்யுங்கள். வழக்கமாகக் கோடு அந்தத் துளையின் ஓரத்தில் தொடங்கி, கையின் பக்கச் சுவரில் ஏறும். கையை மெதுவாக மேலும் கீழும் வளைத்தால் கோடு வாய் திறந்து மூடுவதையும் பார்க்கலாம்.

மோட்டாரைச் சுற்றி, கை உடம்போடு சேரும் கழுத்தில், திருகு ஏறும் பிளாஸ்டிக் குமிழ்களில், பேட்டரியைப் பிடிக்கும் விளிம்பில் என்று இந்த நான்கில் எங்கே கோடு இருந்தாலும் ஒட்டுவதைப் பற்றிப் பேச வேண்டாம். மேல் மூடி, காற்றுத் துளை ஓரம், எடை தாங்காத பக்கச் சுவர் ஆகியவற்றை ஒட்டலாம். லேண்டிங் கியர் தனியாகவே கிடைக்கும், அதை ஒட்டி நேரம் வீணாக்காதீர்கள்.

டி.ஜே.ஐ. மினி வகைகளில் கணக்கு கொஞ்சம் வேறு. கைகள் மடங்குவதால் விழும் அடி கீலில் இறங்கும். கீல் பிளந்தால் அந்தக் கையை மட்டும் மாற்றலாம். இன்னொன்று எடை. மினி 2-வின் எடை 249 கிராமுக்குள். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரைதான் நானோ வகை, அதைத் தாண்டினால் மைக்ரோ வகை. கூலிக்குப் பறக்கிறவருக்கு மைக்ரோ என்றால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பசையும் துணியும் வைத்து ஒட்டினால் அந்த ஒரு கிராம் எங்கே போயிற்று என்றே தெரியாது. நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது

ஃபெவிக்விக் வகைப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி. இழுத்தால் தாங்கும், அதிர்வில் உதிரும். காயும்போது எழும் ஆவி பக்கத்தில் இருக்கும் கேமரா லென்ஸிலும் அடிப்பக்க சென்சார்களிலும் வெள்ளைப் படலமாகப் படியும். நுனியைச் சேர்த்துப் பிடிக்க ஒரு துளி போடுவதென்றாலும் கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

பசைக்கு முன்னால் ஓர் ஓட்டை போட வேண்டும். கோடு முடியும் நுனியைக் கண்டுபிடித்து (மை உதவும்), அதன் மேலேயே 1 மில்லிமீட்டர் பிட்டால் கையால் திருகித் துளையிடுங்கள். பிளவின் கூர்முனையில்தான் இழுவிசை எல்லாம் குவியும். அதை வட்டமாக்கிவிட்டால் கோடு மேலே ஓடாது. விமானத் தகடுகளிலும் இதைச் செய்வார்கள்.

அடுத்து ஓட்டின் உள்பக்கம். 220 நம்பர் உப்புத்தாளால் பிளவின் இரு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, ஆல்கஹாலால் துடையுங்கள். மெல்லிய ஃபைபர் கிளாஸ் துணியை அளவாக வெட்டுங்கள். சாதாரண அரால்டைட், ரெசினும் ஹார்டனரும் தனித்தனி டியூபில் வருமே, அதைக் குழைத்து மெல்லிசாகத் தடவி, துணியை வைத்து, மேலே ஓ.எச்.பி. ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) துண்டை வைத்து விரலால் அழுத்துங்கள். துணி பசையை உறிஞ்சியதும் அதன் வெள்ளை மறைந்து கண்ணாடியாகும். எங்காவது வெள்ளை மீதி இருந்தால் அங்கே காற்று நிற்கிறது, தள்ளி விடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். ஷீட் தானாக உரிந்து வரும். ஐந்து நிமிட அரால்டைட் இந்த வேலைக்கு ஆகாது. துணி ஊறுவதற்குள் அது இறுகிவிடும்.

கார்பன் ஃபைபர் துணி இன்னும் பலம் என்று யாராவது சொல்வார்கள். பலம்தான், ஆனால் கரியில் மின்சாரம் பாயும். மேல் மூடிக்குக் கீழேதான் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதன் தலையில் கார்பனைப் போட்டால் சாட்டிலைட் எண்ணிக்கை விழும். அலுமினிய டேப்புக்கும் அதே கதி. சால்டரிங் அயர்னால் ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கிப் பதிக்கும் வைத்தியத்தைக் கார் பம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரும்பு காம்பஸுக்கு எதிரி.

அசிட்டோன் பற்றியும் கேட்பார்கள். சுத்தமான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அதில் கரைந்து ஒட்டும். பாலிகார்பனேட் கலந்திருந்தால் வெளுத்து, மேலெல்லாம் நுண்பிளவு விடும். ஓட்டின் உள்மூலையில் பஞ்சால் தொட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

மாற்றுவது

புது ஓடு வந்ததும் பழையதைத் தொடாதீர்கள். முதலில் புதியதைச் சோதியுங்கள். கம்பெனி ஓடாக இல்லாவிட்டால் மோட்டார் துளைகள் ஒத்துப்போகிறதா, திருகுக் குமிழ்கள் முழுசாக வார்ப்பாகியிருக்கிறதா, எடை பழையதோடு ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு தெர்மோகோல் அட்டையில் ட்ரோனின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஹெக்ஸ், டார்க்ஸ் என்று தலையும் வேறு, நீளமும் வேறு. நீளத் திருகைக் குட்டைத் துளையில் ஏற்றினால் மோட்டாரின் செப்புச் சுருளில் போய் இடிக்கும். புது ஓட்டில் புதுக் கிராக் வருவதும் இப்படித்தான்.

ஜிம்பலைக் கழற்றி, அடித்திருகுகளை எடுத்த பிறகு மேல் ஓடு கிளிப்பில் நிற்கும். பழைய ஏ.டி.எம். கார்டை இணைப்பில் நுழைத்து, கை கையாகச் சுற்றி வாருங்கள். கிளிப் விட்டதும் ஒரேயடியாகத் தூக்காதீர்கள். உள்ளே ஜி.பி.எஸ். கம்பி இழுபடலாம். இரண்டு விரல் உயர்த்தி எட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

இப்போது போட்டோ. ஒவ்வொரு கனெக்டர், ஒவ்வொரு கம்பி, ஒட்டியிருக்கும் டேப் துண்டு வரை எடுங்கள். குட்டி ஆன்டெனா கனெக்டர்களைச் சாய்த்து இழுக்காமல் நேர் மேலே தூக்குங்கள். ஃபேன்டம் 3 ப்ரோவில் மோட்டார் கம்பிகளை நடு சர்க்யூட் பலகையில் சால்டர் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் வேலை கனம். மோட்டாருக்கு மூன்று கம்பி, இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். மாஸ்கிங் டேப்பில் எண் போட்டு ஒவ்வொரு கம்பியிலும் சுற்றுங்கள். பலகையின் செப்பு சூட்டை உறிஞ்சுவதால் 25 வாட் அயர்ன் திணறும், 60 வாட் எடுங்கள். பழைய சால்டர் இளகாவிட்டால் அதன் மேல் கொஞ்சம் புது ஈயத்தை விடுங்கள், இரண்டும் கலந்து சீக்கிரம் உருகும். அயர்னை வைத்துக்கொண்டே இருந்தால் பலகையின் தடமே உரிந்துவிடும். சால்டரில் கை பழகாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒரு மொபைல் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

மோட்டார்கள் எந்தக் கையிலிருந்து வந்ததோ அதே கைக்குத்தான் போக வேண்டும். ப்ரொப்பல்லர் மரை இரண்டில் வலமும் இரண்டில் இடமுமாக இருக்கும். காம்பஸ் லேண்டிங் கியர் காலில் இருக்கிறது. அதைப் பிடித்திருந்த திருகையே மறுபடி போடுங்கள், டப்பாவில் கிடைத்த இரும்புத் திருகு வேண்டாம். காந்த முனை ஸ்க்ரூடிரைவரையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

திருகுவதற்கு ஒரு பழக்கம். பிளாஸ்டிக்கில் நேராக இறங்கும் திருகை முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று இறங்கும். மரை மரையோடு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் திருகு புது மரை வெட்டிக்கொண்டு போகும், இரண்டு தடவை கழற்றி மாட்டினால் குமிழ் வெடிக்கும். ஸ்க்ரூடிரைவரை இரண்டு விரலால் மட்டும் பிடியுங்கள், உள்ளங்கை பட்டால் அழுத்தம் அதிகம். மோட்டார் திருகு கழலக்கூடாது என்று திரெட்லாக்கரை (மரையில் விடும் பசை) தாராளமாக விடாதீர்கள். வழிந்து பிளாஸ்டிக்கில் பட்டால் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டையுமே அது நாளடைவில் விரிய வைக்கும். விழாத வண்டியில் மோட்டார் அடியில் கோடு வந்திருந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். குச்சி முனையால் திருகின் நுனி மரையில் மட்டும் துளி தொட்டால் போதும்.

மூடிய பிறகு

ப்ரொப்பல்லர் இல்லாமல் மோட்டாரை ஓட விட்டு, ஒவ்வொரு கையின் நுனியிலும் மோட்டாரைத் தொடாமல் விரல் வையுங்கள். நான்கிலும் ஒரே மாதிரி நடுக்கம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கரகரத்தால் திருகையோ வளைந்த தண்டையோ பாருங்கள். சுற்றும் திசையையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து ஐ.எம்.யு. கேலிப்ரேஷன், அதாவது சென்சாரின் அளவைச் சரிசெய்வது. சமமான மேஜையில், வண்டி ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். காம்பஸ் கேலிப்ரேஷனை வெட்டவெளியில் செய்யுங்கள். மொட்டை மாடியில் வேண்டாம், காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி ஏமாற்றும். பைக்கின் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

முதல் பறப்புக்கு ஆள் இல்லாத மைதானம். தலை உயரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், இறக்கி மோட்டாரைத் தொடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது மற்றவற்றைவிட அதிகம் உழைக்கிறது, பெரும்பாலும் மோட்டார் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். எல்லாம் சரி என்றால் மறுபடியும் அந்தப் பேனா மை, நான்கு மோட்டார் அடியிலும்.

பழைய ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நல்லாயிருக்கும் பகுதிகளை வெட்டி வைத்தால் அடுத்த வண்டிக்கு ஒட்டுத்துண்டாகும். அதே பிளாஸ்டிக், அதே வளைவு, அதே வெள்ளை.