பழைய .303க்கு என்ன ரவை வாங்குவது?

ஒக்டோபர் பிறந்தால் போதும், யாராவது ஒரு தம்பி போன் எடுப்பான்: "அண்ணை, .303 லீ என்ஃபீல்ட் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிப்போட்டேன். மானுக்குப் போக எந்த ரவை நல்லது?" ஒன்ராறியோவில் இந்தத் துவக்கு வைத்திருக்கிற நம்ம ஆக்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அதில் அதிசயமும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லோங் பிராஞ்ச் தொழிற்சாலை ஒன்பது லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய சாமான் இது. அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கட்டடம் இன்றைக்கும் மிசிசாகாவில் நிற்கிறது. வடக்கே கனடிய ரேஞ்சர்கள் (இராணுவத்தின் ரிசேர்வ் படை) இதே நம்பர் 4 ரைபிளைப் பல பத்தாண்டுகள் காவித் திரிந்தார்கள்.

சுருக்கமான பதில்: 180 கிறெயின் (சன்னத்தின் நிறை) சொஃப்ட் பொயின்ற் (நுனியில் ஈயம் தெரிகிற, உடம்பில் பட்டதும் விரிகிற சன்னம்), கடையில் விற்கிற புது ரவை. ஆனால் பெட்டியைத் தூக்குமுன் உங்கள் கையில் இருக்கிற துவக்கை வடிவாகப் பார்க்க வேண்டும். எண்பது வயதுத் துவக்கு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

முதலில், எது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஆமி ரவை. துவக்குக் கண்காட்சிகளில் மலிவாகக் கிடைக்கும், பெட்டியைப் பார்க்கவே ஆசை வரும். இராணுவத்தின் மார்க் 7 ரவை 1910இல் வந்தது. 174 கிறெயின் கூர்ச்சன்னம், வேகம் செக்கனுக்கு 2440 அடி. முழுக்க உலோக உறை போட்ட சன்னம் அது. உறைக்குள்ளே நுனிப்பக்கம் ஈயம் இருக்காது. அலுமினியமோ மரக்கூழோ வைத்திருப்பார்கள். அதனால் பின்பக்கம் கனத்து, உடம்புக்குள் போனதும் சில வேளை புரளும். சில வேளை புரளாமல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். மான் அந்தக் காயத்தோடு சதுப்புக்குள் ஓடி, நீங்கள் தேடியும் கிடைக்காத இடத்தில் விழும். வேட்டைக்காரன் செய்யக்கூடிய பாவம் அதைவிட வேறில்லை என்பது என் எண்ணம். விரியாத சன்னத்தைப் பெரிய விலங்குகளுக்குப் பாவிக்கக் கூடாது என்று கனடாவில் பல மாகாணச் சட்டங்களும் சொல்கின்றன. ஒவ்வொரு வருடமும் வருகிற வேட்டை விதிக் கையேட்டை எடுத்து, உங்கள் வலயத்துக்கு ரைபிள் அனுமதியா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆமி ரவையை இலக்குத்தாளுக்குச் சுடுவதென்றாலும் ஒரு வேலை இருக்கிறது. பழைய கேப்புகள் (ரவையின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டுகிற சின்ன மூடி) பலவற்றில் பொட்டாசியம் குளோரேற்று. சுட்டபின் குழலுக்குள் உப்புப் படியும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கறள் பிடிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. கேத்தலில் நல்ல சுடுதண்ணீர் வைத்து, புனல் போட்டுப் பின்பக்கத்தால் ஊற்ற வேண்டும். குழல் கையைச் சுடுமளவு சூடாகினால் தானாகக் காய்ந்தும் விடும்; பிறகுதான் துணியும் எண்ணெயும். கோதின் அடியில் VIIIZ என்று இருந்தால் இலக்குத்தாளுக்கும் வேண்டாம். அது விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காகச் செய்த ரவை.

இனிக் குழல். .303 என்று பெயர் இருந்தாலும் உள்ளே, சன்னத்தைச் சுழற்றுகிற பள்ளத்திலிருந்து பள்ளம் வரை 0.311 தொடக்கம் 0.313 அங்குலம் வரைக்கும் இருக்கும். கோடைற்று என்ற பழைய வெடிமருந்தைச் சுட்டுத் தேய்ந்த குழல்களில் அதற்கும் மேலே போகும். அளப்பது லேசு. போல்ட்டைக் கழற்றி, குழலுக்குச் சொட்டு எண்ணெய் விட்டு, குழல் வாயைவிடச் சற்றுப் பெரிய மெதுவான ஈயக்குண்டு ஒன்றை (மீன்பிடிக் கடையில் விற்கிற ஈயம் போதும்) மரச்சுத்தியலால் உள்ளே தட்டுங்கள். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்ல மெல்லத் தள்ளி மறுபக்கத்தால் எடுங்கள். ஈயத்தில் குழலின் பள்ளங்கள் மேடாகப் பதிந்திருக்கும். மைக்ரோமீற்றரால் அந்த மேடுகளை அளக்க வேண்டும். என்னுடைய 1943 லோங் பிராஞ்சில் போர்க்கால அவசரத்தில் போட்ட இரண்டு பள்ளக் குழல்; மேடுகள் நேரெதிரே இருப்பதால் ஒரே அளவையில் வேலை முடியும். ஐந்து பள்ளக் குழலில் ஒரு மேட்டுக்கு எதிரே பள்ளம்தான் வரும், சாதாரண மைக்ரோமீற்றர் ஏமாற்றும். அதைத் துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

கடை ரவையின் சன்னம் 0.311 அல்லது 0.312. குழலும் அந்த அளவில் இருந்தால் கவலையில்லை. 0.314ஐத் தாண்டினால் வால் ஒடுங்கிய சன்னத்தைத் தவிர்த்து, அடி தட்டையான சன்னத்தைத் தேடுங்கள். தட்டையடி வாயு அழுத்தத்தில் விரிந்து பள்ளத்தை நன்றாகப் பிடிக்கும்.

நிறைக்கு வருவோம். கடையில் 150, 180 இரண்டும் கிடைக்கும். 180 கிறெயின் ரவை செக்கனுக்கு ஏறக்குறைய 2460 அடியில் போகிறது. மார்க் 7க்குக் கிட்டத்தட்ட அதே ஓட்டம். துவக்கின் குறிகாட்டியும் மார்க் 7க்காகவே அளவிட்டது. குழல் பள்ளங்களின் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கும் நீளமான கனத்த சன்னத்தை நன்றாகத் தாங்கும். 150 மானுக்குத் தாராளமாகப் போதும், தோளில் உதைப்பும் குறைவு. ஆனால் மூஸுக்கும் போகிற எண்ணமிருந்தால் 180ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்ரன், பிறிவி பார்ட்டிசான் எல்லாரும் 180 செய்கிறார்கள். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள்.

வாங்கியதும் காட்டுக்கு ஓடாதீர்கள். போல்ட் கைப்பிடியின் பின்னால் இருக்கிற இலக்கமும் துவக்கின் உடம்பில் இருக்கிற இலக்கமும் ஒன்றா? இல்லையென்றால் போல்ட் மாறியிருக்கிறது. திருத்துபவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் கோதின் விளிம்பு தங்குகிற இடத்துக்கும் இடையிலான தூரம்) பார்த்த பிறகே சுட வேண்டும். இலக்கம் ஒத்துப்போனாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. 0.064 அங்குலக் கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074இல் மூடவே கூடாது. நம்பர் 4க்கு 0 முதல் 3 வரை இலக்கமிட்ட போல்ட் தலைகள் உண்டு, மாற்றிச் சரிசெய்யலாம்.

முதல் சூடு 50 யாரில், பெரிய தாளில். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீண்டு கிழிந்திருந்தால் சன்னம் புரண்டு போகிறது. அந்த ரவையோ அந்தக் குழலோ வேட்டைக்கு ஆகாது. சுட்ட கோதுகளை எறியாதீர்கள். விளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கிக் கோதுக்குள் விட்டுச் சுவரோடு இழுங்கள். அந்த இடத்தில் நுனி தட்டினால் கோது உள்ளே மெலிந்துவிட்டது. புதுக் கோதிலேயே அப்படியென்றால் துவக்கை வையுங்கள்.

பிறகு 100 யார். போர்க்கால மடிப்புக் குறிகாட்டி 300, 600 யாருக்குத்தான். 300இல் வைத்து 100 யாரில் சுட்டால் சில அங்குலம் மேலே விழும். உயரமான முன்குறித் தகடு வாங்கி மாற்றலாம், 0.015 அங்குல இடைவெளியில் பல உயரம் உண்டு.

வேறு பழைய துவக்கு வைத்திருக்கிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. 8 மில்லிமீற்றர் மௌசர் பழையது என்றால் குழல் 0.318ஆ 0.323ஆ என்று அளக்காமல் ஐரோப்பிய ரவை போடாதீர்கள். ஒடுங்கிய குழலுக்குள் பெரிய சன்னம் ஆபத்து. எட்டு லட்சத்துக்குக் குறைந்த இலக்கமுள்ள 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் சுவரில் மாட்டத்தான். இந்தியாவின் இஷாப்பூர் 2ஏ லீ என்ஃபீல்டைப் போலவே இருக்கும்; ஆனால் அது 7.62 நேட்டோ துவக்கு, .303 பெட்டியோடு அதன் பக்கம் போகவேண்டாம்.