கட்டர்பாருக்கு இழுவை வண்டி செய்கிறீர்களா? அச்சை எங்கே வைப்பது என்று முதலில் பாருங்கள்

டயர் வண்டி அறுவடை மெஷினின் 14 அடி கட்டர்பாரை (முன்னால் பயிரை அறுக்கும் பகுதி) மாட்டியபடியே ரோட்டில் ஓட்டினால் எதிரே வருபவருக்கு வழியே இருக்காது. கழற்றி, நீளவாக்கில் சக்கரம் மாட்டிய வண்டி ஒன்றில் வைத்துப் பின்னால் இழுப்பதுதான் சரி.

பட்டறையில் பெரும்பாலும் அச்சைச் சட்டத்தின் நட்டநடுவில் பற்றவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கட்டர்பாரை ஒரு உருட்டுக் குழாய்மேல் நகர்த்தி நகர்த்தி, எங்கே இருபுறமும் சமமாக நிற்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறியுங்கள். அச்சு அந்தக் குறிக்குச் சற்றுப் பின்னால் வரவேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், இழுக்கும் மெஷினோடு மாட்டும் கொக்கியில் இறங்கவேண்டும். வண்டியோடு 1,200 கிலோ என்றால் கொக்கியில் குறைந்தது 120 கிலோ. கொக்கி முனையை நெல் மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். எடை இதற்குக் குறைந்தால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும். அதைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும்.

மீதி 1,080 கிலோ இரண்டு சக்கரத்துக்கும் பிரிந்தால் ஆளுக்கு 540. ஆனால் பள்ளத்தில் விழும்போது பாரம் இன்னும் ஏறும், அதனால் 800 கிலோவாவது தாங்கும் டயர் போடுங்கள். எந்தப் பக்கமும் திரும்பும் சுழல் சக்கரம் (காஸ்டர்) ரோட்டுக்கு வேண்டாம், நடுங்கும். வயலில் திருப்ப அது தேவை என்றால் ரோட்டில் திரும்பாமல் பூட்டும் ஆணி கட்டாயம்.

அப்புறம், கொக்கிக்குப் பாதுகாப்புச் சங்கிலி, கத்திக்கு மூடி, பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை. அறுவடைக் காலத்தில் பயணம் பெரும்பாலும் இரவில்தானே.